சர்வகலாசாலைக்குப் போன போலீஸ்

1919-ஆம் ஆண்டில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் மாணவர் தினசரியில், பெர்க்லி நகரத்துப் போலீஸ் இலாகாவுக்கு ஆட்கள் தேவை என்று ஒரு விளம்பரம் வெளியாயிற்று. மாணவர்கள் படிப்பை நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று அது சொல்லவில்லை. படித்துக்கொண்டே உத்தியோகம் பார்க்கலாம் என்றது. அமெரிக்க நகரங்களில் போலீஸ்காரன் என்றால், வட்டாரத்து அரசியல் தலைவரின் சிபாரிசால் வேலைக்கு வந்தவன், பருத்த தேகமும் உரத்த குரலும் படைத்தவன், தேர்தலில் கட்சி மாறினால் வேலையையும் இழக்கக்கூடியவன் என்றிருந்த அந்தக் காலத்தில், இரசாயனமும் மனோதத்துவமும் படிக்கும் பிள்ளைகளின் கையில் குண்டாந்தடியைக் கொடுக்கும் யோசனை பலருக்கு நகைப்பை உண்டாக்கியதில் ஆச்சரியமில்லை. 'காலேஜ் போலீஸ்' என்ற பெயர் கேலியாகத்தான் முதலில் வழங்கிற்று.

அந்த விளம்பரத்தைக் கொடுத்த போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர், தாம் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிப் படிக்காதவர். போலீஸ் உத்தியோகத்துக்கு ஆயத்தம் செய்துகொள்வதற்கென்றே இன்று அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் குற்றவியல் நீதித்துறை என்றொரு பட்டப்படிப்பு நடைபெறுகிறது; வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் யுவதிகளும் அதில் சேர்கிறார்கள். அந்தப் பெரிய விருட்சத்தின் விதை, மேற்படிப்பு வாய்க்காத ஒரு தபால்காரரின் மனத்தில் விழுந்தது என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று. அவர் நினைத்தது ஒன்று, அவருக்குப்பின் நடந்தது வேறொன்று என்பது அதைக் காட்டிலும் கவனிக்கத்தக்க விஷயம்.

வோல்மர் 1876-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜெர்மானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, குடும்பத்துடன் பல ஊர்களில் அலைந்து, கடைசியில் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்து, ஸ்பெயினுடன் அமெரிக்கா செய்த யுத்தத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போர்வீரராகச் சென்று திரும்பியபின், பெர்க்லி வீதிகளில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் வேலையில் அமர்ந்தார். 1904-இல் ஒருநாள், சரக்கு ஏற்றிய ரயில் பெட்டி ஒன்று தன்னந்தனியாகச் சரிவில் உருண்டு, பிரயாணிகள் இருந்த ரயிலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தபோது, அவர் அதன்மேல் தாவி ஏறிப் பிரேக்கை இறுக்கி நிறுத்தினார். ஒரே நாளில் ஊரறிந்த மனிதரானார். மறுவருஷம் நடந்த தேர்தலில் ஜனங்கள் அவரை நகரத்து மார்ஷலாகத் தேர்ந்தெடுத்தார்கள்; 1909-இல் அந்தப் பதவி போலீஸ் தலைவர் என்ற நியமனப் பதவியாக மாறியபோது, அதிலும் அவரே அமர்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் போலீஸை நடத்தப் போயிருந்த ஒரு வருஷம் நீங்கலாக, 1932 வரையில் பெர்க்லி போலீஸ் அவருடைய கையில்தான் இருந்தது.

அவருடைய ஆட்கள் சைக்கிளில் ரோந்து சுற்றினார்கள். பின்னர் மோட்டார் வண்டிகளில் சுற்றினார்கள். நிலையத்திலிருந்து அழைப்பு இருப்பதை ரோந்துக்காரருக்குத் தெரிவிக்கத் தெருமுனைகளில் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டன. இவையெல்லாம் உபகரண விஷயங்கள். பணமிருந்தால் எந்த ஊரும் செய்துகொள்ளலாம். பதவிக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் அவருக்கு ஏற்பட்ட ஓர் அனுபவமே எல்லாவற்றையும்விட முக்கியமானது. தற்கொலை என்று முடிவு கட்டப்பட்ட ஒரு மரணம் கொலையாக இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. ஆனால் தடயங்களைப் பாதுகாக்கும் முறை ஒருவருக்கும் தெரியாதபடியால் எதையும் ருசுப்படுத்த இயலவில்லை. சர்வகலாசாலையில் ஜீவசாஸ்திரப் பேராசிரியராக இருந்த ஜாக் லோபிடம் அவர் யோசனை கேட்க, ஆஸ்திரிய தேசத்து விசாரணை நீதிபதியும் குற்றவியல் அறிஞருமான ஹான்ஸ் கிராஸ் எழுதிய நூல்களைப் படிக்கும்படி லோப் சொன்னார். ஒரு நகரத்துப் போலீஸ் தலைவர் ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டித் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டாரே, அதிலிருந்துதான் பிற்பாடு நிகழ்ந்தவை யாவும் புறப்பட்டன என்பது என் அபிப்பிராயம்.

1908-இல் அவர் தம்முடைய இலாகாவுக்குள்ளேயே ஒரு பள்ளியை ஆரம்பித்தார். பகல் முறைக்காரரும் இரவு முறைக்காரரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வந்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பாடம் சொன்னவர்களில் சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் இருந்தனர். சாட்சியச் சட்டமும் முதலுதவியும் புகைப்படக் கலையும் விரல்ரேகையும் மட்டுமல்லாமல், பௌதிகம், இரசாயனம், உடற்கூறு, விஷசாஸ்திரம், மனோதத்துவம் ஆகியவையும் நாளடைவில் பாடத்திட்டத்தில் சேர்ந்தன. குற்றம் பரம்பரையாக ரத்தத்தில் வருவது என்றும், சில இனத்தவர் இயல்பிலேயே சீரழிந்தவர்கள் என்றும் அக்காலத்து விஞ்ஞானம் நம்பிய அபத்தங்களும் அந்தப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தன. சர்வகலாசாலை எதைச் சொன்னாலும் அது ஞானமாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. 1916-இல் சட்டப் பேராசிரியரான அலெக்சாண்டர் கிட் என்பவருடன் சேர்ந்து, சர்வகலாசாலையின் கோடைப் பருவத்தில் குற்றவியல் வகுப்புக்களை வோல்மர் ஏற்பாடு செய்தார். போலீஸ்காரர் கற்கவேண்டிய விஷயம் சர்வகலாசாலைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

இந்த அடிப்படையின்மேல்தான் 1919-ஆம் வருஷத்து விளம்பரம் எழுந்தது. அதையொட்டி வந்தவர்களைப் பார்த்தால், அது வெறும் விளம்பர மோகம் அல்லவென்பது விளங்கும். கால்பந்தாட்டத்தில் தேசப் புகழ் பெற்றிருந்த வால்டர் கார்டன் என்ற கறுப்பின மாணவர் அந்த வருஷம் பெர்க்லி போலீஸில் சேர்ந்தார். அவருடன் சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்று சிலர் முறையிட்டபோது, பிடிக்காதவர்கள் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று வோல்மர் சொன்னதாகக் கூறுவார்கள். கார்டன் இரவில் ரோந்து சுற்றிப் பகலில் சட்டம் படித்து 1922-இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட விர்ஜின் தீவுகளுக்குக் கவர்னராகவும் அங்கேயே நீதிபதியாகவும் விளங்கினார். ஜான் லார்சன் என்ற மற்றொருவர் உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றபின் போலீஸ் சட்டையை மாட்டிக்கொண்டவர். 1921-இல் அவர் அமைத்த பொய் கண்டுபிடிக்கும் கருவி உலகப் பிரசித்தி பெற்றது. பிற்காலத்தில் அந்தக் கருவியை மற்றவர்கள் உபயோகித்த விதத்தைக் கண்டு அவரே வெறுப்படைந்தார் என்பது தனிக் கதை. மாணவராக இருக்கும்போதே ரோந்துக்காரராகச் சேர்ந்து 1924-இல் பட்டம் பெற்ற ஓர்லாண்டோ வில்சனைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லவேண்டியிருக்கும்.

ஆனால் அந்தச் சிறிய இலாகாவில் நடந்த ஒரு விஷயத்தைப் புத்தகங்கள் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. எனக்கோ அதுவே வோல்மருடைய முயற்சியின் ஜீவநாடி என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைகளில் போலீஸ்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். 'நண்டு சங்கம்' என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். அங்கே யாரும் யாரைப் பற்றியும் குறை சொல்லலாம். தலைவரைப் பற்றியும் சொல்லலாம். வாரத்தில் நடந்த வழக்குகளை எடுத்து அலசுவார்கள். பேராசிரியர்களும் மனநோய் மருத்துவர்களும் வந்து பேசுவார்கள். அறைக்குள் சொன்னதை வெளியில் பகையாகக் கொண்டுபோகக்கூடாது என்பது விதி. கட்டளையும் கீழ்ப்படிதலுமே உயிர்மூச்சான ஒரு ஸ்தாபனத்தில், வாரத்தில் ஒரு வேளையாவது கீழ்ப்படிதலுக்கு ஓய்வு கொடுத்துக் கேள்விக்கு இடங்கொடுத்தார் என்பதே அதன் தாத்பரியம். சர்வகலாசாலையில் மாணவன் பெறுகிற மிகப் பெரிய பழக்கம் கேள்வி கேட்பது. அந்தப் பழக்கத்தோடு நிலையத்துக்குள் நுழைகிறவனுக்கு, அதை உபயோகிக்க நிலையத்திலும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? பட்டதாரிகளைத் தேடிப் பிடித்தவர், அவர்களுக்கு அந்த இடத்தையும் சேர்த்துத் தயார் செய்தார். அவரைப் பின்பற்றியவர்களோ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வோல்மருடைய கீர்த்தி பரவிற்று. ஜனாதிபதி ஹூவர் நியமித்த விக்கர்ஷாம் கமிஷன் 1931-இல் வெளியிட்ட அறிக்கைகளில் போலீஸ் பற்றிய தொகுதி அவருடைய பொறுப்பில் உருவாயிற்று. கைதிகளை அடித்தும் உறங்கவிடாமல் வதைத்தும் வாக்குமூலம் வாங்கும் வழக்கத்தை அம்பலப்படுத்திய மற்றொரு தொகுதி, தேசத்தையே திடுக்கிடச் செய்தது. ஆரம்பக் கல்வியோடு நின்றவர் சிகாகோ சர்வகலாசாலையிலும், பிறகு பெர்க்லியிலும் பேராசிரியராக அமர்ந்தார். 1930-இல் சான் ஹோசே கல்லூரியிலும், 1935-இல் மிச்சிகன் கல்லூரியிலும் போலீஸ் உத்தியோகத்துக்கென்று படிப்புக்கள் ஏற்பட்டன. 1950-இல் பெர்க்லியிலேயே குற்றவியலுக்கென்று தனிப் பள்ளி ஒன்று எழுந்தது. அதன் தலைவராக வந்தவர் பழைய ரோந்துக்காரர் வில்சன். போலீஸ் நிர்வாகம் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் ஒரு தலைமுறைக்கு வேதமாக இருந்தது. வோல்மரோ தள்ளாமையிலும் தீராத நோயிலும் சிக்கி, 1955-இல் பெர்க்லியில் தம் வீட்டில் தம்மையே சுட்டுக்கொண்டு இறந்தார்.

வில்சனுடைய சரித்திரம் நமக்கு ஒரு பாடம். 1960-இல் சிகாகோ நகரத்தின் சம்மர்டேல் வட்டாரத்துப் போலீஸ்காரர்கள் சிலர், ஒரு திருடனோடு கூட்டுச் சேர்ந்து கடைகளைக் கொள்ளையடித்துவந்தது வெளிப்பட்டது. ஊர் கொதித்தெழ, மேயர் டேலி நல்லதொரு போலீஸ் தலைவரைத் தேடிக் கொடுக்கும்படி வில்சன் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தார். கமிட்டி தன் தலைவரையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஏழு வருஷங்கள் வில்சன் அந்த இலாகாவைத் திருத்தியமைத்தார். ரேடியோ பொருத்திய கார்கள், திறமையான செய்தி நிலையம், ஒழுங்கான கணக்கு வழக்கு, சிபாரிசுக்கு இடங்கொடாத பதவி உயர்வு என்று எல்லாம் வந்தன. 1967-இல் அவர் ஓய்வு பெற்றார். மறு வருஷம், ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது சிகாகோ தெருக்களில் கிளர்ச்சிக்காரர்களையும் வழிப்போக்கர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அதே போலீஸார் அடித்து நொறுக்கிய காட்சியை உலகமே டெலிவிஷனில் கண்டது. அதை விசாரித்த வாக்கர் குழு, போலீஸாரே நடத்திய கலகம் என்று அதற்குப் பெயர் கொடுத்தது. நிர்வாகம் சீர்ப்பட்டிருந்தது, மனம் சீர்ப்படவில்லை.

அந்தக் காலத்தில் தேசம் முழுவதுமே பற்றியெரிந்துகொண்டிருந்தது. 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் பகுதியிலும், 1967-இல் டெட்ராய்டிலும் நூவர்க்கிலும் மூண்ட கலகங்களில் பெரும்பாலானவை போலீஸாருக்கும் கறுப்பின மக்களுக்கும் தெருவில் நேர்ந்த ஏதோ ஒரு கைகலப்பில் தொடங்கியவை. ஜனாதிபதி ஜான்சன் நியமித்த கமிஷன் 1967-இல் கொடுத்த அறிக்கையில், கைது செய்யும் அதிகாரமுள்ள போலீஸார் அனைவரும் கடைசியில் பட்டதாரிகளாகவே இருக்கவேண்டும் என்ற லட்சியத்தை வகுத்தது. 1968-இல் வந்த சட்டத்தின்படி, போலீஸ் உத்தியோகத்துக்குப் படிக்கிறவர்களுக்கும், உத்தியோகத்திலிருந்துகொண்டு படிக்கிறவர்களுக்கும் சர்க்காரே கடனும் மானியமும் கொடுத்தது. படித்து முடித்து உத்தியோகம் பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் காற்பங்கு தள்ளுபடி. நாலு வருஷத்தில் கடன் தீர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட நல்ல திட்டம் எப்படிக் கோணிற்று என்பது சுவாரசியமான விஷயம். சர்க்கார் பணம் வருகிறது என்று தெரிந்தவுடன் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு போலீஸ் படிப்பை ஆரம்பித்தன. பாடம் சொல்ல ஆள் வேண்டுமே என்று ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர்களைப் பிடித்து வந்து உட்கார வைத்தார்கள். புத்தகமாவது தத்துவமாவது என்று, அவர்கள் தங்கள் பழைய வீரப்பிரதாபங்களைச் சொல்லிப் பொழுதைப் போக்கினார்கள். சில கல்லூரிகள் வகுப்புக்களைப் போலீஸ் நிலையத்துக்கே கொண்டுபோய் நடத்தின. மாணவர்களும் போலீஸ், ஆசிரியரும் போலீஸ், அறையும் போலீஸுடையது. 1978-இல் இதையெல்லாம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்த ஒரு தேசியக் கமிஷன், லாரன்ஸ் ஷெர்மன் என்ற ஆராய்ச்சியாளரைக் கொண்டு எழுதுவித்த அந்த ஏட்டில், இது உயர்கல்வி அல்ல, பயிற்சியைக் கல்வி என்ற பெயரால் விற்பதே என்ற கருத்தைத் தயவு தாட்சிணியம் இல்லாமல் எடுத்துரைத்தது. போலீஸ் உத்தியோகத்துக்கு வர விரும்புகிறவன், அந்த உத்தியோகத்தை நினையாத பலவகை மாணவர்களின் நடுவே அமர்ந்து சரித்திரமும் தத்துவமும் இலக்கியமும் பொருளாதாரமும் படிக்கவேண்டும் என்றும், முடிந்தால் உத்தியோகத்தில் சேர்வதற்கு முன்பே படித்துவிடவேண்டும் என்றும் அது சிபாரிசு செய்தது. நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும் அந்த அறிக்கையை விஞ்சிய ஓர் ஆலோசனை இந்தத் துறையில் வரவில்லை என்றே சொல்வேன்.

விதை விழுந்த பெர்க்லியில் நேர்ந்த கதி வேறு. அங்கேயிருந்த குற்றவியல் பள்ளி, போலீஸ்காரரைத் தயாரிக்கும் வேலையிலிருந்து மெல்ல விலகி, போலீஸ் யாருக்காக உழைக்கிறது என்ற கேள்வியில் வந்து நின்றது. அங்கே பேராசிரியராக இருந்த பால் தகாகி, இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய வம்சத்தினர் என்ற ஒரே காரணத்துக்காக மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர்களில் ஒருவர். பிற்காலத்தில் பரோல் அதிகாரியாகவும் பணியாற்றியவர். போலீஸின் துப்பாக்கிக்குப் பலியான கறுப்பின ஆண்களின் விகிதம் வெள்ளையர்களின் விகிதத்தைப்போல் எத்தனையோ மடங்கு என்பதை அவர் புள்ளிவிவரங்களால் காட்டினார். அதிகாரிகளுக்கு இது ருசிக்கவில்லை. பள்ளியைக் காப்பாற்ற மாணவர்கள் கிளர்ச்சி செய்தும் பயனின்றி, 1976-இல் அது மூடப்பட்டது. கேள்வியே கேளாத கல்லூரிகள் பணத்தில் கொழித்த அதே காலத்தில், கேள்வி அதிகமாகக் கேட்ட பள்ளிக்குக் கதவு சாத்தப்பட்டதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் நல்ல கல்லூரிகளும் இல்லாமற் போகவில்லை. நியூயார்க்கில் 1965-இல் வகுப்புக்களைத் தொடங்கிய போலீஸ் விஞ்ஞானக் கல்லூரி, அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜேயின் பெயரைச் சில வருஷங்களுக்குள் சூட்டிக்கொண்டது. முறை மாறி மாறி வேலை செய்யும் போலீஸ்காரருக்காகக் காலையில் நடந்த பாடத்தையே மாலையிலும் நடத்தும் வழக்கத்தை அது கைக்கொண்டது. வேலை முடித்து வந்த சார்ஜெண்டும், போலீஸைக் கண்டால் ஆகாத வட்டாரத்திலிருந்து வந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் சட்டத்தைப் பற்றித் தர்க்கம் செய்யும் காட்சியைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். ஷெர்மன் எழுதிய அறிக்கை விரும்பியது ஏறக்குறைய அதைத்தான்.

பட்டத்தைக் கட்டாயமாக்கலாமா என்ற விவாதம் நியாயஸ்தலங்களையும் எட்டிற்று. டெக்சாஸில் டல்லாஸ் நகரம், போலீஸில் சேர விரும்புவோர் கல்லூரியில் 45 கிரெடிட்டுகளாவது, அதாவது பாட அலகுகளாவது, சுமாரான மதிப்பெண்ணுடன் முடித்திருக்கவேண்டும் என்று விதித்தது. கறுப்பினத்தவரை இது அதிகமாக வெளியே தள்ளுகிறது என்று வழக்குப் போடப்பட்டது. தள்ளுகிறது என்பது உண்மைதான் என்றாலும், பொதுஜனங்களின் உயிர் சம்பந்தப்பட்ட உத்தியோகத்துக்கு இந்த யோக்கியதாம்சம் பொருத்தமானதே என்று 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஏழையின் பிள்ளைக்குக் கல்லூரி எட்டாக்கனியாக இருக்கும் தேசத்தில், கல்லூரியை வாசற்படியாக வைத்தால், எந்த வட்டாரங்களில் போலீஸ்மேல் நம்பிக்கை மிகவும் குறைந்திருக்கிறதோ அந்த வட்டாரங்களிலிருந்தே ஆட்கள் வராமற்போவார்கள்.

இதற்கு நேர்விரோதமான வேடிக்கை ஒன்று கனெக்டிகட் மாகாணத்து நியூ லண்டன் நகரில் நடந்தது. போலீஸ் வேலைக்கு நடந்த புத்திசாதுர்யப் பரீட்சையில் ஒருவர் 33 மதிப்பெண் வாங்கினார். நகரசபையோ 20-க்கும் 27-க்கும் இடைப்பட்டவர்களை மட்டுமே நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. அதிக புத்தியுள்ளவன் வேலையில் சலித்துப்போய்ச் சீக்கிரம் விலகிவிடுவான், பயிற்சிக்குச் செலவழித்த பணம் வீணாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர் வழக்குத் தொடுத்தார். புத்திசாலிகளையெல்லாம் ஒரே சீராகத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே பாரபட்சம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் சொல்ல, 2000-இல் மேல் நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்தது. இதைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் சிரித்து முடித்தபின் யோசித்தால், நகரசபையார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிகிறது: தங்களுடைய நிலையத்தில் அறிவுள்ளவனுக்கு வேலை இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் படிப்பால் பயன் உண்டா, இல்லையா? 2010-இல் ரிட்பெர்க், டெரில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி நிதானமான விடை ஒன்றைத் தருகிறது. கல்லூரி வாசம் பட்ட போலீஸ்காரர், படாதவரைக் காட்டிலும் குறைவாகப் பலாத்காரத்தை உபயோகிக்கிறார். ஆனால் கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. கைதும் சோதனையும் சட்டத்தாலும் மேலதிகாரியாலும் வகுக்கப்பட்டவை. எதிரில் நிற்பவனோடு பேசித் தீர்ப்பதா, கையை ஓங்குவதா என்பதோ அந்தந்தக் கணத்தில் தனி மனிதன் செய்யும் முடிவு. படிப்பு அந்தக் கணத்தில் வந்து உதவுகிறது என்று கொள்ளலாம்.

இப்படிக் கொண்டு திருப்தியடைவதற்கு மினசோட்டா நம்மை விடுவதில்லை. போலீஸில் சேர்வோர் குறைந்தது இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை முடித்திருக்கவேண்டும் என்று மாகாணம் முழுவதற்கும் விதி வகுத்த முன்னோடி அந்த மாகாணம். அதற்கான உத்தியோகத் தகுதி வாரியத்தை அது 1977-லேயே நிறுவியது. கல்விச் சீர்திருத்தக்காரர்கள் நெடுங்காலம் மேற்கோள் காட்டிவந்த அதே மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில்தான் 2020 மே மாதம் 25-ஆம் தேதி ஜார்ஜ் ஃப்ளாய்ட் தெருவில் கிடந்து மூச்சடங்கினார். அவருடைய கழுத்தில் ஒன்பது நிமிஷங்களுக்கு மேல் முழங்காலை அழுத்திய போலீஸ்காரர் டெரெக் ஷாவின், போலீஸ் உத்தியோகத்துக்கென்றே அமைந்த படிப்பில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். கூட இருந்து ஃப்ளாய்டைப் பிடித்திருந்த இரண்டு இளம் போலீஸார், வேலையில் சேர்ந்து சில நாட்களே ஆனவர்கள், மினசோட்டா சர்வகலாசாலையில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள். 1967-ஆம் வருஷத்துக் கமிஷனுடைய லட்சியம் அந்தத் தெருமுனையில் அநேகமாக முழுமையாகவே நிறைவேறியிருந்தது.

அந்த இளைஞர் இருவரில் ஒருவர், கீழே கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று தம்முடைய மூத்தவரைக் கேட்டார். வேண்டாம் என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை; மூத்தவர் கட்டளையை மீறவும் இல்லை. பின்னர் அவரும் குற்றவாளியென்று தீர்ப்பாகிச் சிறை சென்றார். கல்லூரி அவருக்குக் கொடுத்தது அந்த இரண்டு கேள்விகள் என்று நான் நினைக்கிறேன். மூன்றாவது கேள்விக்கும், கேள்விக்கு அடுத்ததான செயலுக்கும், நண்டு சங்கம் போன்ற ஒன்று அந்த நிலையத்தில் பழகியிருக்க வேண்டும். புதியவன் மூத்தவனைப் பார்த்து நீங்கள் செய்வது தவறு என்று சொன்னால் அது துரோகமாகாது என்ற சம்பிரதாயம் முன்னமேயே அங்கே வேரூன்றியிருந்தால் அல்லவா, ஒரு மனிதன் சாகும் தறுவாயில் அது கைகொடுக்கும்?

இன்று குற்றவியல் நீதித்துறையில் சேரும் அமெரிக்க மாணவன் கற்கிற பாடங்களை நோக்கினால், திட்டம் பழுதில்லாமல்தான் இருக்கிறது. கைதியிடம் அவனுடைய உரிமைகளைச் சொல்லவேண்டும் என்று விதித்த 1966-ஆம் வருஷத்து மிராண்டா தீர்ப்பு, சந்தேகத்தின்பேரில் ஒருவனை நிறுத்தித் தடவிப் பார்க்கலாம் என்று அனுமதித்த 1968-ஆம் வருஷத்து டெர்ரி தீர்ப்பு, பலப்பிரயோகத்தை நியாயமான ஒரு போலீஸ்காரனின் கண்கொண்டு அளக்கவேண்டும் என்ற 1989-ஆம் வருஷத்து கிரஹாம் தீர்ப்பு ஆகியவை மனப்பாடமாகும் அளவுக்குப் புகட்டப்படுகின்றன. புள்ளிவிவரம், சமூகவியல், அறிக்கை எழுதும் முறை, நீதிநெறி ஆகியவற்றுடன், ரோந்துக் காரில் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இரவு சுற்றிவரும் வாய்ப்பும் உண்டு. பட்டம் பெற்றபின் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குத் தனியே போகவேண்டும். 2013-ஆம் வருஷத்து அரசாங்கக் கணக்கின்படி அங்கே சராசரியாக 840 மணி நேரம் பயிற்சி நடந்தது; அதில் சுமார் 70 மணி நேரம் துப்பாக்கிக்கும் 60 மணி நேரம் தற்காப்புக்கும் சென்றது. நாலு வருஷம் கல்லூரியில் தர்க்கம் பழகியவன் ஐந்தாறு மாதம் அணிவகுப்பில் வாயடங்கி நிற்கிறான். அதன்பின் மூத்த போலீஸ்காரர் ஒருவரின் கண்காணிப்பில் தெருவுக்குப் போகிறான். காலேஜில் படித்ததையெல்லாம் மறந்துவிடு என்பதுதான் அந்த மூத்தவர் சொல்லும் முதல் உபதேசம் என்று அமெரிக்க போலீஸாரிடையே நெடுநாளாக வழங்கும் ஒரு பேச்சு உண்டு.

நம் தமிழ்நாட்டு வாசகர் இதில் தம்முடைய வீட்டுக் கதையின் சாயலையும் காணக்கூடும். இங்கே சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குப் பட்டம் வேண்டும், இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் எஞ்சினீயரிங் முடித்த பிள்ளைகளும் காவலர் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவருகிற படிப்பை நிலையம் என்ன செய்துகொள்கிறது என்பது தனியே எழுதவேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. ஏறக்குறைய 18,000 போலீஸ் இலாகாக்கள் உள்ள அந்த தேசத்தில், நாலு வருஷப் பட்டத்தைக் கட்டாயமாக்கியவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டியதில்லை. கட்டாயம் இல்லாமலே பட்டம் பெற்று வந்தவர்கள் பத்தில் மூவர் இருக்கக்கூடும் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2020-க்குப் பிறகு வேலைக்கு வருவோர் குறைந்து, விலகுவோர் பெருகினார்கள். ஆள் கிடைக்காத இலாகாக்கள் யோக்கியதாம்சங்களைத் தளர்த்தத் தொடங்கின. தேசத்திலேயே பெரிய நகரப் போலீஸான நியூயார்க் போலீஸ், பல வருஷங்களாக 60 கல்லூரிக் கிரெடிட்டுகளைக் கோரிவந்தது; 2025 பிப்ரவரியில் அதை 24-ஆகக் குறைத்துக்கொண்டு, கைவிட்டிருந்த ஒன்றரை மைல் ஓட்டப் பரீட்சையை மறுபடியும் கொண்டுவந்தது. 24 கிரெடிட்டு என்பது இரண்டு பருவங்களில் முடிக்கக்கூடிய படிப்பு. அந்த இரண்டு பருவங்களில் எதைப் படித்திருக்கவேண்டும் என்று விதி ஒன்றும் சொல்லவில்லை.